நாற்பத்தொன்றாம் தாள்

அக்காவிடமிருந்து கார்டு வந்த நேரம் சின்னவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஐம்பத்தேழு வயது, பல்கலைக்கழகத்தில் அரசியல் சிந்தனை வரலாற்றுப் பேராசிரியை, எதிரே நின்று பேச மாணவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆனாலும் குடும்பத்தில் அவளுக்கு இன்னும் சின்னவள் என்றுதான் பெயர். விலாசத்தின் கையெழுத்தைப் பார்த்ததுமே கை அப்படியே நின்றுவிட்டது. பதினேழு வருஷமாக அந்தக் கையெழுத்து இந்த வீட்டுக்கு வந்ததில்லை.

"நீ தேடிய கட்டு கிடைத்திருக்கிறது. வருவதானால் வந்து பார்."

அவ்வளவுதான். நலமா என்று ஒரு சொல் கிடையாது.

அவளுடைய வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கார்டை வாங்கிப் பார்த்தார். "ஏழு வார்த்தை. கிட்டத்தட்ட ரெண்டரை வருஷத்துக்கு ஒரு வார்த்தை வருது" என்றார். அவள் சிரிக்கவில்லை என்றதும் குரலை மாற்றிக்கொண்டு, "போய்ட்டு வா. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் நின்றது முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு வக்கீல்.

அந்த வக்கீல் அரண்மனையில் வேலை பார்த்தவர். குடிமக்கள் எல்லோரும் தன் மதத்தையே நம்ப வேண்டும், நம்புவதாகச் சத்தியமும் செய்ய வேண்டும் என்று அரசன் ஆணை போட நினைத்தான். அதை எழுதிக்கொடுக்கும் வேலை வக்கீலுக்கு வந்தது. மாட்டேன் என்றார். சும்மா மறுத்ததோடு விடாமல் ஒரு சின்னப் புத்தகமும் எழுதினார். அரசனின் ஆணை தெருவுக்கு வரலாம், வீட்டுக்குள்ளும் வரலாம், மனத்தின் வாசற்படியில் அது நின்றுவிட வேண்டும் என்றார். அரசனோடு நிறுத்தாமல், மதத் தலைவர்களுக்கும் அதே வாசற்படிதான் என்றார். வேலை போயிற்று. உயிருக்குப் பயந்து ஒரு மடத்தில் அடைக்கலம் புகுந்தார். பிறகு அங்கேயே துறவியாகிப் பதினொரு வருஷம் இருந்து இறந்தார். கடைசியில் அவர் எழுதியதாக ஒரே ஒரு தாள் உலகத்துக்குக் கிடைத்தது. "நான் எழுதியது தவறு. இதை என் மனமறிந்து எழுதுகிறேன்." கீழே நடுங்கும் கையெழுத்து.

அந்த மடம் பின்னாளில் பெண் துறவிகளின் மடமாயிற்று. அங்கேதான் அக்கா இருபத்துநான்கு வயதில் போய்ச் சேர்ந்தாள். அக்கா எங்கே போனாலும் பின்னாலேயே போகிற பழக்கத்தில் பத்தொன்பது வயதில் சின்னவளும் போனாள். நான்கு வருஷம் இருந்தாள். ஒரு நாள் காலைப் பிரார்த்தனையில் எல்லோரோடும் சேர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே, தான் யாரிடமும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்ததை மறுபடியும் தெரியாததாக ஆக்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. எட்டு மாதம் முயன்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள். கோபித்துக்கொண்டு போனாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கோபமெல்லாம் இல்லை. வீட்டை விட்டு வந்தவளுக்கு வீட்டு ஞாபகம் வருகிற மாதிரி மடத்து ஞாபகம் அவளுக்கு இன்றைக்கும் வரும், முப்பத்துநான்கு வருஷம் கழித்தும், எந்த நேரமென்றில்லாமல், பஸ்ஸில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது.

பல்கலைக்கழகத்துக்கு வந்தவள் வக்கீலைப் பிடித்துக்கொண்டாள். நாற்பதாவது வயதில் அவளுடைய புத்தகம் வந்தது. வக்கீலை மடத்தில் அடைத்துவைத்து, மிரட்டி, அந்தக் கடைசித் தாளை எழுதி வாங்கினார்கள் என்று அதில் வாதாடியிருந்தாள். மடத்தில் அவர் எழுதிய மற்றத் தாள்களின் கட்டை வருஷக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. ஆனாலும் வாதம் பலமாகத்தான் இருந்தது. நான்கு பதிப்புப் போயிற்று. மனச்சாட்சியின் சுதந்திரம் பற்றிப் படிக்கிற மாணவன் எவனும் அதைத் தாண்டிப் போக முடியாது என்கிற அளவுக்கு ஆயிற்று.

அக்காவிடமிருந்து அப்போது வந்த கடிதம் இவளுக்கு மனப்பாடம். "எங்களோடு நான்கு வருஷம் ஒரே பந்தியில் சாப்பிட்டவள், நாங்கள் ஆளைப் பூட்டிவைப்பவர்கள் என்று எழுதியிருக்கிறாய். நன்றாக இரு." அதோடு பேச்சு நின்றது. நடுவில் அம்மா இறந்தபோது இருவரும் வந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். நடுவில் அம்மாதான் இருந்தாள். முகம் கொடுத்துப் பேசாமலே திரும்பிப் போனார்கள்.

இப்போது ஏழு வார்த்தை.

மடத்து வாசலில் அக்கா நின்றிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

"இளைச்சுட்டே" என்றாள் சின்னவள்.

"நீ பெருத்துட்டே" என்றாள் அக்கா. மடத்து நூலகம் இப்போது அவள் பொறுப்பு. சட்டென்று நூலகக்காரியாகிவிட்டாள். "பையை வெளியில வெச்சிடணும். பேனா கூடாது, பென்சில் மட்டும். தண்ணி உள்ள வரக் கூடாது. காலையில பத்துல இருந்து சாயந்திரம் நாலு. சாப்பாட்டுக் கூடத்துல யாரும் பேச மாட்டாங்க, ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

"உனக்குத்தான் அது எப்பவுமே கஷ்டம்."

நூலகத்தின் கூரை ஒழுகியதால் பழைய கட்டுகளையெல்லாம் தையல் அறைக்கு மாற்றியிருந்தார்கள். துணி வெட்டுகிற நீள மேசைதான் படிக்கிற மேசை. அதன் ஓரத்தில் அங்குலக் கோடுகள் செதுக்கியிருந்தன. பழைய அலமாரியை நகர்த்தியபோது, அதன் முதுகுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்து இந்தக் கட்டு விழுந்ததாம். பருத்தி நாடாவால் கட்டி, அட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

அக்கா ஒரு சீட்டை நீட்டினாள். "பேரு, தேதி, என்ன வேணும்னு எழுது."

"என் பேரு உனக்குத் தெரியாதா?"

"ரூல்."

சின்னவள் எழுதிக்கொடுத்தாள். அக்கா அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "தேதி தப்பு" என்று திருப்பிக் கொடுத்தாள். மூன்று நாள் இப்படித்தான் போயிற்று. ஒரே மேசையில் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி. அக்கா பட்டியல் எழுதிக்கொண்டிருப்பாள். சின்னவள் மணல் பையை வைத்துத் தாளின் ஓரத்தை அழுத்திக்கொண்டு, பூதக்கண்ணாடியால் வரிவரியாகப் போவாள். பழைய நீதிமன்றக் கூட்டெழுத்து அது. சொல்லில் பாதியை விழுங்கிவிட்டு ஒரு சுழியைப் போட்டுவிடுவார்கள். உலகத்தில் அதைச் சரளமாகப் படிக்கிறவர்கள் ஐந்து பேர் இருந்தால் அதிகம்.

தாள்களின் எண் அறுபத்தாறு வரை போயிற்று. மூலையில் வக்கீலே எண் போட்டிருந்தார். மூன்றாம் நாள் சின்னவள் தலை நிமிர்ந்தாள்.

"நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்திரண்டு இருக்கு. நாற்பத்தொண்ணு எங்க?"

"இருக்கறது அவ்வளவுதான்."

அக்கா பொய் சொல்லும்போது வாக்கியத்தை எப்போதும் சின்னதாக்கிவிடுவாள். சின்ன வயதில் உடைந்த கண்ணாடி ஜாடியைப் பற்றி அம்மா கேட்டபோதும் "தெரியாது" என்று ஒற்றைச் சொல்லில் முடித்தவள். சின்னவள் மறுபடியும் தாளில் குனிந்துகொண்டாள்.

நான்காம் நாள் மதியத்துக்குள் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு பென்சில் ஓடவில்லை.

கட்டு முழுவதும் ஒரே எழுத்தின் நகல்கள். அந்தக் கடைசித் தாளுக்கு முன்னால் வர வேண்டிய பக்கங்கள். ஒன்பது முறை எழுதியிருந்தார். முதல் நகலுக்கும் கடைசி நகலுக்கும் நடுவே பதினான்கு மாதம். ஒரு சொல்லை அடித்து வேறு சொல் போட்டு, அடுத்த நகலில் பழைய சொல்லையே திரும்பக் கொண்டுவந்திருந்தார். ஓரத்தில் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்: "இது வக்கீல் பேச்சு, எடு." ஆறாவது நகலிலிருந்து எல்லா வரியுமே நடுங்கின. "இன்று கை சொன்னபடி கேட்கவில்லை. நாளை" என்று ஒரு குறிப்பு. அவளுடைய புத்தகத்தில் பயத்தின் சாட்சியாக நின்ற நடுக்கம் வெறும் வாத நோய்.

மிரட்டப்பட்டவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிடுவான். பதினான்கு மாதம் உட்கார்ந்து வாக்கியத்துக்கு மெருகு போட மாட்டான். முப்பது வருஷம் எழுத்திலேயே கிடந்தவளுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒன்பதாவது நகலில் இப்படி இருந்தது:

"ஆணை மனத்தின் வாசற்படியில் நின்றுவிட வேண்டும் என்று சொன்னேன். அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை, அரசனுக்கும் சரி, இந்த மடத்துத் தலைவருக்கும் சரி. ஆனால் அந்த வாசற்படிக்கு உள்ளே மனிதன் தனியாக இருக்கிறான், அதனால்தான் யாரும் வரக் கூடாது என்று காரணம் சொன்னேன். அந்தக் காரணம் தவறு. அப்போது நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். தனியாக இல்லை."

அதற்கடுத்து வர வேண்டியதுதான் உலகம் அறிந்த அந்தக் கடைசித் தாள், அந்த இரண்டு வரி.

சின்னவள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் வெளியில போய்ட்டு வரேன்" என்றாள். அக்கா தலையை ஆட்டினாள்.

மடத்துக்கு எதிரே பஸ் நிறுத்தம். வெயிலில் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது புத்தகத்தைப் பற்றிய பயம்தான். நான்கு பதிப்பு, பதினேழு வருஷம், இதை வைத்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள். அந்தக் கட்டுக்குள் உருப்படியாக ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடலாம். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த மற்ற நாலு பேரில் இருவருக்குக் கண் போய்விட்டது. ஒரு பஸ் வந்தது, போயிற்று.

இரண்டாவது பஸ்ஸும் வந்து போன பிறகு, பயம் ஒதுங்கி அதன் அடியில் இருந்தது மேலே வந்தது. அது பொறாமை. உள்ளே போய்ப் பார்த்தேன், தனியாக இல்லை என்கிறாரே, கிழவர். நானும்தான் போனேன். முப்பத்துநான்கு வருஷமாக வாசற்படியில் நின்று குரல் கொடுக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் ஒருவரும் இல்லை? நடுவெயிலில், பஸ் நிறுத்தத்தில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்த பேராசிரியையைப் பார்த்து, பக்கத்தில் இருந்த அம்மாள், "சில்லறை இல்லையாம்மா?" என்று கேட்டாள். சின்னவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "இருக்குங்க. பஸ்தான் என்னோடது இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து திரும்பி வந்தாள்.

தையல் அறையில் அக்கா இருந்த இடத்திலேயே இருந்தாள். சின்னவள் மேசையின் அந்தக் கோடிக்கே நடந்து போனாள்.

"அக்கா, என் புத்தகம் தப்பு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரை யாரும் மிரட்டி எழுதி வாங்கலை. அவரே எழுதினது. ஒவ்வொரு எழுத்தும் அவரோடது. நான் போட்டுடறேன், எல்லார் முன்னாடியும். மடத்தைப் பத்தி நான் எழுதினது தப்புன்னு."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். பிறகு எழுந்து வெளியே போனாள். கோபமா, அழுகையா என்று சின்னவளுக்குப் புரியவில்லை. மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது, இறங்கும் சத்தமும் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஓர் அட்டை உறை இருந்தது. உறையைத் திறந்து, மேசைமேல் ஒரு தாளை வைத்தாள். மூலையில் எண் நாற்பத்தொன்று.

"படி" என்றாள்.

அது நகல் இல்லை, நாட்குறிப்பு மாதிரி ஒரு பக்கம். தலைவர் தாள் தர மறுத்து இன்றோடு ஏழு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தார். இது சமையல்காரர் மாவுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்த காகிதம். அறை வாசலில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். நல்லவன், குறட்டை விடுகிறான். ஆனால் என்னை வெளியே விடுவதில்லை. "நான் எழுதிக்கொண்டிருப்பது அவர்கள் கேட்பது அல்ல, அவர்களுக்கு அது பிடிக்கவும் போவதில்லை. ஆனாலும் அவர்கள் கேட்டதால் எழுதினேன் என்றுதான் சொல்லப்போகிறார்கள். அதுதான் வருத்தம்."

சின்னவள் இரண்டு முறை படித்தாள்.

"பூட்டி வெச்சிருக்காங்க" என்றாள் மெதுவாக.

"ஆமா. அதுல நீ சொன்னது சரிதான்." அக்கா முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "கட்டு கிடைச்சு மூணு வருஷம் ஆச்சு."

"மூணு வருஷமா?"

"எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. உன் புத்தகத்துக்குப் பின்னாடி எழுத்து அட்டவணை போட்டிருக்கியே, அதை வெச்சுத்தான் கத்துக்கிட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு. படிச்சு முடிச்சப்போ எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? நீ தோத்துட்டேன்னு. பிரார்த்தனையில உக்காந்துகூட அதையே நினைச்சுச் சிரிச்சேன். அப்புறம் இந்தத் தாள். இதை மட்டும் உருவி மாடியில வெச்சுட்டேன். மீதியை உனக்குக் காட்டலாம்னு."

"ஏன் இப்ப குடுத்தே?"

"நீ வந்து சொல்ல மாட்டேன்னு நினைச்சேன். பஸ் ஏறிடுவேன்னு நினைச்சேன். ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்." அக்காவின் குரல் உடைந்தது. "ரெண்டு பஸ் போச்சு. ஏறினா நல்லதுன்னு தோணுச்சு. நான் தாளை ஒளிச்சு வெச்சதும் சரியாப் போயிடும் பாரு."

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களெல்லாம் எலும்பாக இருந்தன. நான்கு மணி ஆகிவிட்டதைக் கடிகாரம் சொன்னபோதும் ரூல் பார்க்கிற அக்கா எழுந்திருக்கவில்லை.

பிறகு அக்காதான் கேட்டாள். "தனியா இல்லைன்னு எழுதியிருக்காரே. அதைப் படிச்சப்போ உனக்கு என்ன தோணுச்சு?"

"உனக்கு?"

"நான்தான் முதல்ல கேட்டேன்."

"வயித்தெரிச்சலா இருந்துச்சு" என்றாள் சின்னவள். "நீங்கல்லாம் உள்ள உக்காந்திருக்கீங்க. எனக்கு மட்டும் அங்க யாரும் இல்ல. கோவிச்சுக்கிட்டுப் போகலைக்கா நான். இங்கேயே இருக்கத்தான் ஆசை. முடியலை."

அக்கா அவளையே பார்த்தாள். முப்பத்துநான்கு வருஷமாக அவள் மனசில் வைத்திருந்த தங்கை வேறு என்பது அந்த முகத்தில் தெரிந்தது. "இதை அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள்.

"வாசல் வரைக்கும்கூட நீ வரலையே, நான் போகும்போது."

"வந்தா அழுதுடுவேன்னு வரலை."

பிரார்த்தனை மணி அடித்தது. அக்கா எழுந்து உடுப்பைச் சரிசெய்துகொண்டாள். "வர்றியா? சும்மா உக்காரு. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

சின்னவள் போனாள். கடைசி வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டுத் தொடங்கியதும் அவளுடைய வாய்க்கு எல்லாச் சொல்லும் தானாக வந்தது, ஓர் எழுத்துப் பிசகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வக்கீல் போன அந்த வாசற்படி வரைக்கும் போய் நின்று பார்த்தாள். காத்திருந்தாள். பாட்டு முடிந்தது. ஒன்றும் இல்லை. பக்கத்தில் அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது, குளிர்காலத்தில் ஒரே போர்வையில் படுத்திருந்த நாட்களில் கேட்ட அதே சின்ன இழுப்போடு. அக்கா ஒருமுறை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன தேடிப் பார்த்தாள் என்று சின்னவளுக்குத் தெரியும். மெல்லத் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அக்காவும் தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் திரும்பினாள்.

ஊருக்குத் திரும்பியதும் சின்னவள் கட்டுரை எழுதினாள். வக்கீலை அடைத்துவைத்தார்கள் என்பது உண்மை, மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்பது தன் பிழை, அவர் எழுதியது தோல்வியும் இல்லை, சரணாகதியும் இல்லை என்று தாளுக்குத் தாள் காட்டினாள். இரண்டு பக்கமும் அடி விழுந்தது. வயதானதும் பக்தி வந்துவிட்டது என்று கூட வேலை செய்கிறவர்கள் காதுபடவே பேசினார்கள். மடத்தில் சில சகோதரிகள் நாற்பத்தொன்றாம் தாளை ஏன் வெளியே விட்டாய் என்று அக்காவிடம் இரண்டு மாதம் பேசவில்லை. "சாப்பாட்டுக் கூடத்துல எப்படியும் யாரும் பேச மாட்டாங்க, பெரிய வித்தியாசம் தெரியலை" என்று அக்கா எழுதியிருந்தாள். அறுபத்தாறு தாளையும் இருவருமாகப் பதிப்பிப்பது என்று முடிவாயிற்று. மடத்து வழக்கப்படி அக்கா பெயரைப் போட முடியாது. "ஒரு சகோதரி" என்று போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். சின்னவளுக்கு அது பிடித்திருந்தது. யாருக்குச் சகோதரி என்று யார் கேட்கப் போகிறார்கள்?

மடத்தில் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணியிலிருந்து நான்கரை வரை ஃபோன் உண்டு. மூன்றே முக்காலுக்கே சின்னவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வாள். வீட்டுக்காரர் டீயை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

"ஐம்பத்திரண்டுல மூணாவது வரி" என்றாள் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை. "நீ 'காத்திருந்தேன்'னு படிச்சிருக்கே. அது 'காத்திருக்கிறேன்'. சுழி உள்பக்கம் திரும்புது பாரு."

"கறைக்கா அது. சுழி இல்ல."

"கறை எங்கேயாவது இவ்வளவு வட்டமா இருக்குமா? நீ படத்தைப் பார்த்துச் சொல்றே, நான் தாளைப் பார்த்துச் சொல்றேன்."

"அப்ப அடுத்த மாசம் நானே வந்து பார்க்கறேன்."

"வா. சீட்டுல தேதியை மட்டும் ஒழுங்கா எழுது."

அரை மணி நேரம் அந்த ஒரு சொல்லிலேயே போயிற்று. நான்கரைக்கு அந்தப் பக்கம் யாரோ கூப்பிடுவதும், அக்கா "இதோ" என்பதும் கேட்டது. ஃபோன் வைக்கப்பட்டது. சின்னவள் வைக்கவில்லை. காதோடு வைத்துக்கொண்டு, ஐம்பத்திரண்டாம் தாளின் படத்தை மடியில் எடுத்து, மூன்றாவது வரியை இன்னொரு முறை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.